கார்ல இருந்த பாட்டை எம்பி3 ஆக்கித் தர்றேன்னு 8,500 ரூபாய் வாங்கிட்டான், உஷார்!

கோபம் இன்னும் அடங்கல. எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

என்னுது 2011 மாடல் பிஎம்டபிள்யூ 5 சீரீஸ், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. அதோட ஹார்ட் டிஸ்க்ல வீட்ல இருந்த சி.டி. அத்தனையும் ஏத்தி வச்சிருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல சி.டி. அலமாரியே போயிடுச்சு, கார்ல இருந்ததுதான் மிச்சம். அதுல அம்மாவோட பஜனைக் குழு பாடினதும் உண்டு. எந்தக் கடையிலயும் காசு குடுத்து வாங்க முடியாது.

வண்டிக்கு ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாத்தலாம்னு சென்னையில ஒரு கார் ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன். பேர் சொல்லல. ஏசி ரூம், கண்ணாடி கதவு, உட்கார்ந்ததும் டீ. "பாட்டெல்லாம் பத்திரமா எடுத்து எம்பி3 ஆக்கிடலாம் சார், நிறைய வண்டிக்குப் பண்ணியிருக்கோம்"னான். என் பென்டிரைவை வாங்கினவன் நேரா கிளவ் பாக்ஸைத் திறந்து அங்க இருக்கற யூஎஸ்பியில சொருகினான். அந்த வண்டியில நடுவுல இருக்கற யூஎஸ்பி பாட்டு கேக்க மட்டும்தான். பேக்கப் எடுக்கறதும் திரும்ப ஏத்தறதும் கிளவ் பாக்ஸ்லதான். அது தெரிஞ்சவன்னா விஷயம் தெரிஞ்சவன்தானேன்னு நம்பினேன். கொஞ்ச நேரத்துல லேப்டாப்ல 'பிஎம்டபிள்யூ டேட்டா'ன்னு ஒரு ஃபோல்டரைக் காட்டி, "பாருங்க சார், மொத்தமும் வந்தாச்சு"ன்னான். அங்கயே ஜிபேல 8,500 அனுப்பினேன். பில் கேட்டேன், "வாட்ஸ்அப்ல வரும் சார்". இன்னும் வந்துட்டே இருக்கு.

வீட்டுக்கு வந்து போட்டா ஒண்ணு கூடப் பாடல. போன் பண்ணினா "விஎல்சி பிளேயர்ல போடுங்க சார்". போட்டேன், பாடல. "உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு". அப்புறம் "பையன் லீவு". நேர்ல போனப்ப டீ இல்ல, "கம்பெனிக்காரன் லாக் போட்டிருக்கான் சார், ஜெர்மனியில இருந்து கீ வரணும், இன்னொரு 6,000 ஆகும்"னான். ஜெர்மனியாம்! இந்த வண்டிங்களை இங்க செங்கல்பட்டு பக்கத்துல சேர்த்து கட்றாங்க.

லாக்கும் இல்ல, கீயும் இல்ல. அக்கா பையன் பார்த்துட்டு சிரிச்சான். கார் பேக்கப் எடுக்கும்போது பாட்டுல இருக்கற ஒவ்வொரு பிட்டையும் தலைகீழாக்கி, 0-ஐ 1 ஆவும் 1-ஐ 0 ஆவும் மாத்தி, பேர் கடைசியில பி.ஆர்.4-னு போட்டுடும். அதுதான் எம்பி3. பி.ஆர்.3-னு இருந்தா எம்பி4, பி.ஆர்.5-னா டபிள்யூஎம்ஏ-ங்கற இன்னொரு வகைப் பாட்டு ஃபைல். பிட்டைத் திரும்பப் புரட்டினா பாட்டு. அதுக்கு இலவசமாவே சின்ன புரோகிராம் கிடைக்குது. கடைக்காரன் செஞ்சது, பேர்ல பி.ஆர்.4-ஐ எடுத்துட்டு எம்பி3-னு தட்டினது. அதுக்கு 8,500 ரூபாய்!

பி.ஆர்.4 எல்லாம் அக்கா பையன் மீட்டுட்டான். ஆனா பி.ஆர்.3 ஒண்ணுமே பென்டிரைவ்ல இல்ல. கடையில கேட்டா "அது சிஸ்டம் ஃபைல்னு அழிச்சிட்டோம் சார்". அம்மா பாட்டு அதுலதான் இருந்திருக்கணும். சரி, கார்ல இருக்கேன்னு ஓடினேன். அதுல வேற யாரோட பாட்டோ ஓடுது! 'டெஸ்ட்' பண்ண இன்னொரு கஸ்டமர் பேக்கப்பை ஏத்தியிருக்காங்க. அந்த வண்டியில பேக்கப் ஏத்தினா பழசு கூட சேராது, மொத்தமா அழிஞ்சு அதோட இடத்துல இதுதான் உட்காரும். 8,500 குடுத்து என் வீட்டுப் பாட்டை நானே அழிக்க வச்ச மாதிரி ஆயிடுச்சு.

என்ன பண்ணனும்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. பேக்கப்பை நீங்களே எடுங்க, பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்ல இருக்கட்டும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு காப்பி வீட்ல வைங்க. கண்ணு முன்னாடி ஒரு பாட்டு பாடாம பைசா குடுக்காதீங்க. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோட நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் குடுத்திருக்கேன்.

அந்த பென்டிரைவ்ல புதுசா எதையும் எழுதாம எடுத்து வச்சிருக்கேன். அழிச்ச ஃபைலை மீட்கத் தெரிஞ்சவங்க சென்னையில இருந்தா சொல்லுங்க. காசு, பாட்டைக் கேட்டதுக்கு அப்புறம்தான்.