எம்.ஜி.பி. வாங்கப் போகிறவர்கள் ஜாக்கோடு போங்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசையில் இருப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 9,500 பவுண்டு கொடுத்த பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

கார் 1972 மாடல் எம்.ஜி.பி., மேல்கூரை மடங்கும் ரகம். போன அக்டோபரில், பழைய கார்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். காரணம் பின்னால் வரும். இரண்டு பக்கமும் சில் (கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டி) புதிது, அடிப்பாகம் முழுக்கப் பாதுகாப்புப் பூச்சு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நேற்றுத் தார் ரோடு போட்டதுபோல ஒரே கறுப்பு. ஆகா, எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன். ஐம்பது வயதுக் காருக்கு அடிவயிறு அவ்வளவு சுத்தமாக இருந்தால் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆசைதான் வந்தது.

எம்.ஓ.டி. சான்றிதழ், அதாவது கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனையின் சான்றிதழ், உண்டா என்று கேட்டேன். நாற்பது வயது தாண்டிய காருக்கு அது தேவையே இல்லை என்றார் விற்பவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 வயது கடந்த கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து அந்த வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் விரும்பினால் செய்துகொள்ளத் தடையும் இல்லை. "செலவு என்னுடையது, ஒன்று செய்து கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

குளிர்காலம் முழுக்கக் கார் போர்வைக்குள் கராஜில் கிடந்தது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, பின் பிரேக்குகளைக் கழற்றிப் பார்க்கலாம் என்று தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பிறகு எல்லாப் பழியும் அதன் மேல்தான் விழுந்தது.

தரை சமமான கான்கிரீட். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவை தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் காரை நிறுத்திவைக்க எதுவும் இல்லை. அதனால் முன் டயர்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். இரண்டு டன் டிராலி ஜாக்கை, நடுவே மரத்துண்டு வைத்து, பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியல் உருண்டைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளை வைத்தது பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் பொருந்தும் பெட்டிகளுக்கு அடியில். எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் வழக்கமாக வைக்கும் இடம் அது. ஜாக்கை மெல்ல இறக்கி, எடை ஸ்டாண்டுக்கு மாறியதும் நிறுத்தினேன். ஜாக்கை வெளியே இழுக்கவில்லை, டிஃபரென்ஷியலைத் தொட்டபடியே விட்டேன். ஊரில் வெறும் ஜாக்கை நம்பி லாரிக்கு அடியில் படுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அடியில் போகும் முன் காரைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பேன்.

தள்ளினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம். இடது ஸ்டாண்டின் தலை பாடிக்குள் புதைந்தது. கார் இரண்டு விரல் அளவு இறங்கி, இடது பக்கம் சாய்ந்து, ஜாக்கின் மேல் உட்கார்ந்தது. ஜாக்கை எடுத்திருந்தால், தள்ளிப் பார்க்காமல் உள்ளே போயிருந்தால்... சரி, அதை விடுங்கள்.

நடுக்கம் நின்ற பிறகு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். கறுப்புப் பூச்சு ஏடு ஏடாக உரிந்து வந்தது. அடியில் ஃபைபர் கிளாஸ், அதற்கும் உள்ளே பட்டி, அப்புறம் ஜன்னல் இடுக்கு அடைக்கும் மஞ்சள் ஃபோம். ஃபிரிட்ஜ் காந்தத்தைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தேன்; உள்ளங்கை அகலத்துக்கு எங்கேயும் பிடிக்கவில்லை. அன்று இரவுதான் அரசு இணையதளத்தில் காரின் பதிவெண்ணைப் போட்டுப் பழைய எம்.ஓ.டி. விவரங்களைப் பார்த்தேன். இலவசம், ஒரு நிமிட வேலை. 2017இல் நடந்த கடைசிச் சோதனையில், இடது பின் ஸ்பிரிங் பொருத்தும் இடத்துக்கு அருகே துரு என்று எழுதியிருந்தது. வாங்கும் முன் ஏன் பார்க்கவில்லை என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை.

பழைய எம்.ஜி.க்களுக்கு வெல்டிங் செய்யும் ஒருவரை வரவழைத்தேன். இதற்கு முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு; 1962இல் வந்த எம்.ஜி.பி.க்கு அது கிடையாது, பாடிதான் எல்லாம் என்றார். கூரை இல்லாத மாடலில் முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடிப்பது முக்கியமாகச் சில்தான். வெளியே தெரிவது ஒரு தகடு. உள்ளே இன்னும் இரண்டு அடுக்கு. அந்த வெளித் தகடும் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் உள்ளே வரை நீள்வதால், ஒழுங்காக மாற்ற அவற்றின் கீழ்ப்பகுதியை வெட்டியோ கழற்றியோதான் ஆக வேண்டும். என் காரில் யாரும் வெட்டவே இல்லை. அழுகிய சில்லின் மேல் புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்திருந்தார்கள். "புது சில்" என்றது அதைத்தான்.

அவர் காட்டிய ஒரு சோதனையை மட்டும் மறக்காதீர்கள். கதவைச் சாத்தி, அதன் பின் ஓர இடைவெளியை மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டார். பிறகு சில்லுக்கு நடுவே ஜாக் கொடுக்கும் இடத்தில், நல்ல நிலையில் இருந்த வலது பக்கத்தை மெல்லத் தூக்கினார். உறுதியான பாடியில் இடைவெளி அப்படியே இருக்க வேண்டுமாம். என் காரில் முன்னும் பின்னும் தொங்க, மேல் இடைவெளி கண்ணெதிரே விரிந்தது. 'நல்ல' பக்கத்தின் லட்சணமே அதுதான்! விற்பவர் முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். தப்பான இடத்தில் ஜாக் போட்டு நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்றார். அடுத்து, ஸ்டாண்ட் மலிவுச் சரக்கா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்: 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற கருவிக் கடை விற்ற ஸ்டாண்டுகளில் பல் சரியாகப் பிடிக்காமல் நழுவும் என்று லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். என்னுடையது குறுக்கே ஊசி செருகும் வகை. அது நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்றது. பொத்துப்போனது காரின் தகடு. அவரிடம் நான் சொன்னது இதுதான்: கார் ஓடும்போது ஸ்பிரிங்கின் முன்முனை தொங்குவது அதே பெட்டியில்தான். அசையாமல் நிற்கும் ஸ்டாண்டைத் தாங்காத தகட்டை நம்பி, மோட்டர்வேயில் 70 மைல் வேகத்தில் மகளை உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டிவந்திருக்கிறேன். அவர் போனை வைத்துவிட்டார்.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். எனக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பாடு. தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வசதி இல்லை. வெல்டரின் அறிக்கை, படங்கள், 2017 பதிவு எல்லாம் வைத்து, சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறேன் என்று கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்து 3,200 பவுண்டு தருகிறேன், பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று பதில் வந்தது. வெல்டர் சொன்ன செலவு 5,400. களைத்துப்போய் ஒப்புக்கொண்டேன். பெயர் எழுதாததற்குக் காரணம் அதுதான்.

கார் இப்போது கராஜில் நான்கு சக்கரத்தில் நிற்கிறது. வெல்டருக்கு ஜூலையில்தான் நேரம். நேற்று அந்தக் கடையின் விளம்பரங்களைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் இன்னொரு எம்.ஜி.பி. வந்திருக்கிறது. எம்.ஓ.டி. தேவையில்லை என்று போட்டிருக்கிறார்கள். அடிப்பாகப் படம் மொத்தம் ஏழு, ஏழும் தார் ரோடு.