ஹோம்ஸ்டே மெயில்களுக்கு இலக்கணம் பார்க்கும் ஆப்: சில சீசன்களுக்குப் பிறகு

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்கு இங்கிலீஷில் பெரிய தலைவலி டென்ஸ்தான். ரூம் புக் ஆகிவிட்டதா, இனிமேல்தான் ஆகுமா, புக் ஆகி கேன்சல் ஆனதா? மே மாதக் கோடை விழா நேரத்தில் இதில் ஒரு வினைச்சொல் பிசகினால் வாசலில் சண்டை நடக்கும். அதற்காகவே இலக்கணம் திருத்தும் ஆப் ஒன்றைப் போட்டேன். சில சீசன்கள் ஓடிவிட்டன, இன்னும் வைத்திருக்கிறேன்.

நம்மூர் இங்கிலீஷின் வழக்கமான பிசகுகளை அது விடுவதில்லை. "ஹி டிட் நாட் கேம்" என்றால் உடனே "கம்" ஆக்கிவிடும். "இஃப் இட் வில் ரெயின்", "வென் யூ வில் ரீச் சேலம்" இரண்டிலும் வில்லைத் தூக்கிவிடும். அடுத்தது "ஐ ஹாவ் சென்ட் இட் யெஸ்டர்டே". நாம் "நேற்றே அனுப்பிவிட்டேன்" என்று சொல்லிப் பழகியவர்கள், அந்த ஹாவ் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். யெஸ்டர்டே என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்ன பிறகு ஹாவுக்கு அங்கே வேலையில்லை, வெறும் "சென்ட்" போதும்.

அறையில் வைக்கும் குறிப்பில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த கதை உண்டு. "காக்பர்ன் ப்ராட்" சரி, அது முடிந்த கதை. "சின்ஸ் தென் பீப்பிள் ஆர் க்ரோயிங் இட்" என்பதை "ஹாவ் பீன் க்ரோயிங்" ஆக்கியது. அன்று தொடங்கி இன்றும் நடப்பதற்கு அதுதான் சரி.

சிக்கல் ஒரு வாக்கியத்தைத் தாண்டினால்தான். "தி கெஸ்ட் கேம் அட் நைன். ஹி ஆஸ்க்ஸ் ஃபார் எ ரூம்." முதலில் "கேம்" என்றால் அடுத்தது "ஆஸ்க்ட்" ஆக வேண்டும். ஆனால் தனித்தனியாக இரண்டும் சரி என்பதால் நான் வைத்திருக்கும் ஆப் வாயே திறக்காது.

இதைவிட மோசம், "சொன்னார்கள்" என்பதற்கு "செட்" (said) வரும் இடம். ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது. ரிசப்ஷன் தம்பி "தே செட் தி ரோட் இஸ் க்ளோஸ்ட்" என்று எழுத, ஆப் "வாஸ்" ஆக்கச் சொன்னது, அவரும் ஆக்கிவிட்டார். "ஓ, இப்போது திறந்தாச்சா?" என்று கெஸ்ட் கேட்டு எழுதினார்! செட் வந்தால் பின்னால் வருவதும் இறந்தகாலத்துக்குப் போவது வழக்கம்தான். ஆனால் விஷயம் இன்னும் நடப்பில் இருந்தால் "இஸ்" போடுவதும் சரியே. கொண்டை ஊசி வளைவில் மண்ணை அள்ளியாச்சா இல்லையா என்பது ஆப்புக்கு எப்படித் தெரியும்? இப்போது செட்டையே விட்டுவிட்டோம். "தி ரோட் இஸ் க்ளோஸ்ட் டுடே. ப்ளீஸ் கம் வயா குப்பனூர்." அவ்வளவுதான்.

பணம் கட்டும் பதிப்பையும் கொஞ்ச காலம் ஓட்டினேன். டென்ஸ் விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெயில் மட்டும் கம்பெனி கடிதம் போல விறைத்துக்கொண்டது. நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர் போடலாமா என்று கேட்டார். இலவசப் பதிப்பு போதும் என்றேன். சரக்கு போய்விட்டதா, போகப்போகிறதா என்று வரும் வரிகளை மட்டும் "அக்செப்ட்" தட்டுவதற்கு முன்னால் அவரே ஒருமுறை படித்துவிடச் சொன்னேன்.