15 லிட்டர் ஸ்டோரேஜா, 3 லிட்டர் இன்ஸ்டன்டா: கீசர் வாங்குமுன் ஓர் அலசல்

சென்னை அடுக்ககங்களில் குளியலறைக்குக் கீசர் தேடுவோரின் போட்டி பெரும்பாலும் இரண்டு வகைகளுக்குள் முடிந்துவிடுகிறது: நீரைத் தொட்டியில் தேக்கிச் சுடவைக்கும், 2 கிலோவாட் காயில் கொண்ட 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்; நீர் ஓடும்போதே சுடவைக்கும், 3 கிலோவாட் காயில் கொண்ட 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். விலையையும் சுவரில் பிடிக்கும் இடத்தையும் மட்டும் பார்த்து வாங்கியவர்களே பிறகு ‘தண்ணீர் சுடவில்லை’ என்று மெக்கானிக்கை அழைக்கிறார்கள். வந்து பார்த்தால் பல வீடுகளில் பழுதே இருக்காது. கேட்கும் அளவுக்குச் சுடவைக்க அந்தக் கீசருக்குச் சக்தி போதாது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். மார்கழிக் காலையில் மேல்நிலைத் தொட்டியின் நீர் 26 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். அதை 42 டிகிரிக்கு ஏற்றிக் குளிக்க வேண்டுமானால், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரால் நிமிடத்துக்கு 2.7 லிட்டர் அளவே தொடர்ந்து தர முடியும். ஊட்டியில் 12 டிகிரியில் வரும் நீர் என்றால் அதுவும் ஒன்றரை லிட்டருக்குக் கீழே இறங்கிவிடும். ஷவரை முழுதாகத் திறப்பவர் நடுங்குவதற்குக் காரணம் இதுதான். அதே 26 டிகிரி நீரை 60 டிகிரிக்கு ஏற்ற ஸ்டோரேஜ் கீசருக்கு 18 நிமிடமும் ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரமும் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் 42 டிகிரியில் ஏறக்குறைய 32 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். ஆகவே ஒருவர் வாளியில் குளிக்கும் வீட்டுக்கும் சமையலறைத் தொட்டிக்கும் இன்ஸ்டன்ட் போதும். அடுத்தடுத்து இருவர் குளிக்கும் வீட்டுக்கு ஸ்டோரேஜே பொருந்தும் என்பது என் கருத்து.

கோளாறுகளும் இரண்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஸ்டோரேஜ் கீசரின் காயில்மீது சுண்ணாம்பு வெள்ளை ஓடாகப் படியும். நீர் சுடும்போது உள்ளிருந்து கடகடவென்று ஒலி எழுவதும், முன்பைவிட நெடுநேரம் ஆவதும் அதன் அடையாளங்கள். அப்போது காயிலைக் கழற்றி உப்பை நீக்குவதோடு, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பாதுகாப்பு வால்வில் சுடும் நேரத்தில் மட்டும் நீர் சொட்டினால் அஞ்ச வேண்டியதில்லை: 15 லிட்டர் நீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் விரிவடையும், அதுவே வெளியேறுகிறது. தொல்லை என்று அந்தத் துளையை அடைப்பவர், குளியலறைச் சுவரில் ஒரு பிரஷர் குக்கரை வெயிட் வால்வு இல்லாமல் மாட்டிவைக்கிறார். இடைவிடாமல் சொட்டினால் மட்டும் வால்வையோ நீரழுத்தத்தையோ சோதிக்கச் சொல்லலாம்.

இன்ஸ்டன்ட் கீசரின் முதன்மைச் சிக்கல் மின் இணைப்பில் உள்ளது. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். தளர்ந்த சாக்கெட்டிலும் பழைய மெல்லிய வயரிலும் இது ஓடினால் பிளக்கின் கம்பி முனைகள் கறுத்து, பிளாஸ்டிக் இளகும். 16 ஆம்பியர் சாக்கெட், மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி., முறையான எர்த், மின்கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை இரு வகைக்கும் வேண்டும். சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கீசரின் கட்-அவுட் ஒருமுறை விழுந்தால் மெயினை அணைத்துவிட்டு அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை.

வெப்ப அளவில்தான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. ஸ்டோரேஜ் கீசரில் வெப்ப அளவை வைக்கும் திருகு உண்டு. இன்ஸ்டன்ட் கீசர் பெரும்பாலானவற்றில் அது இல்லை, குழாயைக் கூட்டிக் குறைப்பதே கட்டுப்பாடு. குழாயைச் சிறிது நேரம் மூடித் திறந்தால் முதல் மூன்று லிட்டர் மிகச் சூடாகப் பாயும் என்பதால், குழந்தையை நேராகக் குழாயடியில் நிறுத்தக் கூடாது. பெரியவர்களின் தோலே 60 டிகிரி நீரில் சுமார் ஐந்து விநாடியில் கடுமையாக வெந்துவிடும்; 49 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். மறுபுறம், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும், 60 டிகிரியில் மடியும். முதியவரும் குழந்தையும் உள்ள வீட்டில் அன்றாடம் 50 டிகிரியில் வைத்து, வாரம் ஒருமுறையும் ஊரிலிருந்து திரும்பிய அன்றும் 60க்கு ஏற்றி, குழாயைத் திறந்துவிட்டபின் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பேன். திருகில் எண் இல்லையென்றால் சமையல் தெர்மாமீட்டரால் குழாய் நீரை அளக்கலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும்.

எரிவாயு கீசரையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்க்கிறார்கள். தட்டுப்பாடின்றி வெந்நீர் தரும் என்பது மெய்தான். ஆனால் மூடிய குளியலறைக்குள் எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிப்பவர் மயங்கி உயிரிழந்த நிகழ்வுகள் இந்தியாவில் பலமுறை நேர்ந்துள்ளன. ஜன்னல் திறந்த வெளிப்புறப் பால்கனியில் மாட்ட இடமில்லாத வீட்டில் அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.