ராமநகரா பாறு கழுகு டூர்: பறவைக்கு முழு மார்க், விளக்கத்துக்கு முட்டை

பெங்களூரிலிருந்து அரை நாளில் போய் வந்துவிடலாம் என்று விளம்பரம் பார்த்து புக் செய்தோம். ராமநகராவில் இருக்கிற ராமதேவர பெட்டா என்ற பாறைமலை, 2012இல் பாறு கழுகுகளுக்கென்றே அறிவித்த சரணாலயம். கம்பெனி பெயர் வேண்டாம், ஆள் மாறினாலும் இந்த வகை டூர் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான்.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது, டிரைவர் மைசூர் ரோட்டில் நிதானமாக ஓட்டினார், திரும்பும்போது பிடதியில் தட்டு இட்லி. அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் விடிந்தும் விடியாமல் பாறையடியில் கொண்டுபோய் நிறுத்தியது வீண். பாறு கனமான பறவை, வெயில் ஏறி, பாறை சூடாகி, காற்று மேலே கிளம்பிய பிறகுதான் பறக்கும். அதுவரை கொட்டாவிதான். வேன் முழுக்க ஆள், பைனாகுலர் ஒன்றே ஒன்று.

பார்த்தது என்னவோ அருமை. செங்குத்துப் பாறையில் சுண்ணாம்பை ஊற்றிவிட்டதுபோல் வெள்ளை வழிந்திருக்கும், எச்சம்தான். அது தொடங்குகிற விளிம்பைப் பிடித்துப் பார்த்தால் ஆள் உட்கார்ந்திருக்கும். கருங்கழுத்துப் பாறு ஒன்று மொட்டைக் கழுத்தை நீட்டி, இறக்கையை ஒருமுறை விரித்து மடக்கி, அப்புறம் சும்மா விளிம்பிலிருந்து சாய்ந்தது, ஒரு அடிகூட அடிக்காமல் அப்படியே மிதந்து போய்விட்டது.

வண்டியில் வந்த ஒரு குட்டிப் பெண் கேட்டாள்: "அண்ணா, ஏன் இவ்ளோ கம்மியா இருக்கு?" கைடு தம்பி நம்ம ஊர்ப் பையன்தான், ஜடாயு கதையை அத்தனை அழகாகச் சொன்னவர், இதற்கு மட்டும் "செல்போன் டவர் பாப்பா" என்று முடித்துவிட்டு பழைய இந்திப் படத்து வில்லன் நின்ற பாறையைக் காட்டப் போய்விட்டார். சிட்டுக்குருவிக்குச் சொல்கிற அதே பாட்டு!

காரணம் டைக்ளோஃபெனாக். என் அப்பா முட்டிக்குத் தேய்க்கிற ஜெல்லில் இருக்கிற அதே வலி மருந்து. மாட்டுக்குப் போட்டார்கள், அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்தது. பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த ஆய்வுக்குழு 2004இல்தான் இதைக் கண்டுபிடித்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் காலி. இத்தனைக்கும் நூறு சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இந்த அளவு சரிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு சடலத்துக்கு ஒரு கூட்டமே இறங்கும், ஆண்டுக்கு இடுவதோ ஒரே முட்டை. 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015இல் குப்பியையே 3 மில்லியாகக் குறைத்தார்கள், 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளுக்கும் கால்நடைத் தடை. இவற்றுக்குப் பதில் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைப் போட்டால் மாட்டுக்கும் வலி போகும், பாறுக்கும் ஒன்றும் ஆகாது. மாடு வைத்திருப்பவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, அதுதான் எரிச்சல்.

இதை வேனில் நான் சொன்னபோது கைடு தம்பியே ஆர்வமாக, "மருந்துப் பேர் எழுதிக் கொடுங்கண்ணா" என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தலைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிற கம்பெனி ஒரு பக்கக் குறிப்பாவது அடித்துக் கொடுத்திருக்கலாம்.

5க்கு 3. போகிறவர்கள் சொந்த பைனாகுலர் எடுத்துப் போங்கள், 8x42 போதும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூடு கட்டும் காலம், பாறைப் பக்கம் கத்தாதீர்கள். கோயில் வரை படி ஏற முடியாத பெரியவர்களைக் கூட்டிப் போனால் கீழே உட்கார நிழலும் சரியாக இல்லை, அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.