பாத்திரம் தேய்க்கும் கையுறையா, ஆயிரம் வோல்ட் கையுறையா?

போன ஆண்டு கூடத்து மின்விசிறியின் ரெகுலேட்டரை மாற்ற உட்கார்ந்தேன். மெயினை அணைத்தாயிற்று. கையில் சமையலறையிலிருந்து எடுத்து வந்த மஞ்சள் ரப்பர் கையுறை. அது தந்த தெம்பில் டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லை. திருப்புளி வழுக்கியது, கம்பியின் முனை கட்டைவிரலோரம் குத்தியது, சுரீரென்று தோள்வரை இழுத்தது. மெயின் அணைந்த கணமே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அந்த விசிறிக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. கழற்றிப் பார்த்தால் கையுறையில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை.

அதன்பிறகு கடைகளில் கிடைக்கும் கையுறைகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரே வேலையைச் செய்து பார்த்தேன். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு 6 ஆம்பியர் சுவிட்ச் ஒன்றைக் கழற்றுவது, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் உறையை உரிப்பது, திரும்ப மாட்டி முறுக்குவது. மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டுப் பார்க்கும் அசட்டுத்தனத்துக்கு நான் போகவில்லை. அதைச் சோதனைக்கூடம் செய்கிறது. எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை நல்ல கையுறையின் வகுப்பு எண்ணே சொல்லிவிடும்.

முதலில் நம் பழைய மஞ்சள் கையுறை. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பது பள்ளிப்பாடம். ஆனால் சோப்புத் தண்ணீரைத் தடுக்கச் செய்த பொருளில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கிறதா என்று மின்சாரம் செலுத்தி யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதம் பாத்திரம் தேய்த்தபின் விரலிடுக்குகளில் வெடிப்பும் விட்டிருக்கும். பிடிமானம் மட்டும் அருமை, திருகாணி நழுவவே இல்லை. அந்தச் சுகம்தான் ஆளை ஏமாற்றுகிறது. மருத்துவர்கள் போடும் மெல்லிய நைட்ரைல் உறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், கம்பியை உரித்து முடிப்பதற்குள் கிழிந்துவிட்டது.

அடுத்து, உள்ளங்கையில் நைட்ரைல் அல்லது பாலியூரித்தேன் பூசிய பின்னல் கையுறை. புறங்கைப் பக்கம் வெறும் நூல்தான். நம் ஊர் வெயிலில் பத்து நிமிடத்தில் வியர்வையில் ஊறிவிடும். மின்சாரத்தை அது தடுக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. ஆனாலும் வேலை செய்ய இதைவிட இதமானது இல்லை. சுவரில் பதித்த இரும்புப் பெட்டியின் விளிம்பு, உரித்த கம்பியின் முள், வழுக்கும் திருப்புளி என்று வீட்டு வேலையில் அடிக்கடி கையைப் பதம் பார்ப்பவை இவைதான். இவற்றுக்கு இது போதும். இன்னொரு வசதி, இதைப் போட்டிருக்கும்போது எனக்கு அசட்டுத் தைரியம் வருவதில்லை. டெஸ்டரைத் தேடிக் கை தானாகப் போகிறது.

ஹார்டுவேர் கடையில் 'ஷாக் புரூஃப்' என்று ஒரு தடித்த ரப்பர் கையுறையை எடுத்துப் போட்டார்கள். "லைன்மேன்களே இதைத்தான் வாங்கிப் போகிறார்கள் சார்" என்றார் கடைக்காரர். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தரநிலை எண் இல்லை, வகுப்பு இல்லை, தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை. தடிமன் இருப்பதாலேயே தரம் வந்துவிடாது. இந்த வரிசையில் நான் வாங்கவே கூடாது என்று சொல்வது இதைத்தான். சமையலறைக் கையுறையாவது தன்னை மின்காப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை.

உண்மையான மின்காப்புக் கையுறையில் ஐ.இ.சி. 60903 என்ற பன்னாட்டுத் தரநிலையோ, ஐ.எஸ். 4770 என்ற இந்தியத் தரநிலையோ அச்சிட்டிருக்கும். பன்னாட்டு முறையில் இரட்டை முக்கோணச் சின்னமும் வகுப்பு எண்ணும் உண்டு. வகுப்பு 00 என்றால் 500 வோல்ட் வரை. 2,500 வோல்ட்டில் சோதித்தது. வகுப்பு 0 என்றால் 1,000 வோல்ட் வரை. சோதனை 5,000 வோல்ட்டில். அதற்கு மேலான வகுப்புகள் உயரழுத்த லைன்களுக்கு.

பெரிய எண் இருக்கட்டுமே என்று முதலில் வகுப்பு 0 வாங்கினேன். கனம் 1 மில்லிமீட்டர் வரை போகலாம். ரப்பர் கிழியாமலிருக்க மேலே தோல் உறை வேறு. சுவிட்சின் குட்டித் திருகாணி மூன்று முறை தரையில் உருண்டது. நாலாவது முறை கையுறையைக் கழற்றிவிட்டேன். கழற்றத் தோன்றும் கையுறையால் என்ன பயன்? வகுப்பு 00-இன் கனம் அதிகபட்சம் அரை மில்லிமீட்டர். அதோடு திருகாணியைப் பிடிக்க முடிந்தது, சிரமப்பட்டாவது. வீட்டில் ஒரு ஃபேஸுக்கு 230 வோல்ட். மும்முனை இணைப்பில் இரண்டு ஃபேஸுக்கு இடையே சுமார் 415. இரண்டுமே 500-க்குள் அடங்கிவிடும். என் தேர்வு வகுப்பு 00. கூரான எதையும் தொட வேண்டியிருந்தால் இதற்கும் மேலே தோல் உறை வேண்டும். அது ரப்பரைவிடக் குட்டையாக, மணிக்கட்டில் ரப்பர் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் போடுமுன் ஒரு சோதனை உண்டு. மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பார்க்க வேண்டும். லேசாகக் காற்று பட்டாலும் குப்பைக்கூடைதான். மடித்து வைக்கக் கூடாது, பரணின் வெக்கையில் போடக் கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிய கையோடு மாட்டவே கூடாது. எண்ணெய் இயற்கை ரப்பரை அரித்துவிடும்.

30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும்போது கையுறை எதற்கு என்று நண்பர் கேட்டார். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நானும் ஆர்.சி.சி.பி.யைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். வீட்டில் எல்லாரையும் அது காக்கிறது. ஆனால் ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கு உங்கள் உடம்பும் ஒரு பல்பும் ஒன்றுதான், துண்டிக்காது. இன்வெர்ட்டர் ஓடும்போது அந்த லைனைக் கவனிக்கப் பல வீடுகளில் எந்த ஆர்.சி.சி.பி.யும் இருப்பதில்லை.

இப்போது பின்னல் கையுறை கருவிப் பெட்டியிலேயே கிடக்கிறது. வகுப்பு 00 ஜோடி தன் பையில் அலமாரிக்குள் தொங்குகிறது. எட்டு மாதத்தில் இரண்டே முறை எடுத்தேன். இரண்டு முறையும் வீட்டின் எல்லா லைன்களும் பிரியும் டி.பி. பெட்டியின் மூடியைத் திறந்து, எல்லாம் அணைந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக.