தாய்வீடா, சகி மையமா?

அடி தாங்காமல் கிளம்புகிறவர் முதலில் நினைப்பது அம்மா வீட்டைத்தான். கணவர் முதலில் தேடி வருவதும் அங்கேதான். கூடவே 'அனுசரிச்சுப் போம்மா' என்று பஞ்சாயத்து பேசித் திருப்பி அனுப்பும் சித்தப்பாக்கள். ஆனால் மாதக்கணக்கில் தங்கலாம். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, தற்காலிகமாகத் தங்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு போடலாம்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கல் பொதுவாக 5 நாள்வரைதான். அதற்குள் மருத்துவம், போலீஸ், சட்ட உதவி மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும். மகன் இருந்தால் வயது வரம்பு உண்டு. 181 பெண்கள் உதவி எண்ணில் முன்கூட்டியே கேளுங்கள். உயிர் பயம் இருந்தால் மையம்தான் முதலில், தாய்வீடு பிறகு.

எங்கே போனாலும் பலர் மாட்டிக்கொள்வது செல்போனால்தான். கூகுள் மேப்பில் லொகேஷன் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கும். 181-க்குப் பேசியது கால் பட்டியலில் நிற்கும். பக்கத்து வீட்டு போனில் பேசுவது நல்லது. வங்கி ஓடிபி கணவர் எண்ணுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். போனால், வேறு வங்கியில் உங்கள் எண்ணிலேயே புதுக் கணக்கு. ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், மாத்திரைகளை ஒவ்வொன்றாக நம்பகமான தோழியிடம் சேர்த்துவிடுங்கள். ஒரே நாளில் பீரோ காலியானால் சந்தேகம் வரும்.