500-இலா, 499.80-இலா? ஆர்டரை எங்கே வைப்பது?

மொய் எழுதும்போது 501 வைக்கிறவர்கள்தான் நாம். அதே கை, பங்கை விற்கும்போது மட்டும் யோசிக்காமல் 500 என்று தட்டுகிறது.

487 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பங்குக்கு 500-இல் லிமிட் ஆர்டர் (சொன்ன விலைக்குக் குறையாமல் விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டிருந்தேன். விலை இரண்டு முறை 499.90 வரை வந்து திரும்பியது. மூன்றாம் முறை 500-ஐத் தொட்டேவிட்டது. அப்போதும் என் பங்கு விற்கவில்லை. தேசியப் பங்குச் சந்தையில் ஒரே விலையில் நிற்கும் ஆர்டர்களில் முதலில் வந்ததற்கே முன்னுரிமை. 500-இல் எனக்கு முன்னால் நீண்ட வரிசை. 499.80-இல் வைத்திருந்தால் பங்குக்கு 20 காசுதான் குறைந்திருக்கும். அடுத்த வாரம் விலை 471.

எனவே லாபம் எடுக்க 499.80-தான். பெரிய செய்தி வந்து விலை பாயும் நாளில் அந்த 20 காசு வீண். போகட்டும்.

தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான நிஃப்டியும் 2023 செப்டம்பர் 11 அன்று முதன்முறையாக 20,000-ஐத் தொட்டுவிட்டு, 19,996-இல்தான் முடிந்தது. 20,000-க்கு மேல் முடிய இன்னும் இரண்டு நாள் ஆனது.

விலை விழுந்து நாம் குறித்த இடத்துக்கு வந்ததும் விற்று நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டர்தான் ஸ்டாப் லாஸ். அதற்கு இதே கணக்கைப் போட்டால் மாட்டிக்கொள்வோம். 500-இல் வைத்தால், விலை அங்கே முட்டி மேலே திரும்பும் நாளில் நாம் மட்டும் வெளியே நிற்போம். சரி, 499.50? கூட்டமே அங்கேதான் இருக்கிறது. நாணயச் சந்தையில் ஒரு பெரிய வங்கிக்கு வந்த ஆர்டர்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் கேரல் ஆஸ்லர், 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டினார்: லாபம் எடுக்கும் ஆர்டர்கள் சைபரில் முடியும் எண்ணிலேயே குவிகின்றன, ஸ்டாப் லாஸ் ஆர்டர்களோ அந்த எண்ணைச் சற்றுத் தாண்டிக் குவிகின்றன. விலை அந்த எண்ணில் தயங்குவதும், உடைத்துவிட்டால் தறிகெட்டு ஓடுவதும் இதனால்தான். 499.50-இல் என் ஆர்டர் உயிர்பெறும் நேரத்தில் எல்லோருடையதும் உயிர்பெறும். கையில் கிடைப்பது 498-ஆகவும் இருக்கலாம்.

நான் இப்போது 494-இல் வைக்கிறேன். நஷ்டம் கூடுமே என்றால், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறேன். 510-இல் வாங்கி 1,600 ரூபாய் வரை இழக்கத் தயார் என்றால், ஸ்டாப் லாஸ் 499.50-இல் இருந்தால் 152 பங்கு வாங்கலாம். 494-இல் இருந்தால் 100 பங்குதான்.